மூன்று தரம் கேட்க வேண்டிய பற்றிமா

பற்றிமாக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் தேத்தண்ணி வேண்டாம் என்பார். "இப்பதான் குடிச்சிட்டு வாறன்." நான் கேத்தலை அடுப்பில் வைத்துக்கொண்டே இரண்டாம் தரம் கேட்பேன். "சும்மா இரும் தவமணி, உமக்கேன் கரைச்சல்?" மூன்றாம் தரம் கேட்கும்போது கோப்பை அவர் கைக்குப் போய்விடும். இரண்டு கோப்பை குடித்த பிறகுதான் எழும்புவார். இதில் பொய்யுமில்லை, நடிப்புமில்லை. கேட்டவுடனே கையை நீட்டுகிறவரை எங்கள் பக்கத்தில் ஒருவரும் மதிப்பதில்லை. பற்றிமாக்கா யாழ்ப்பாணத்துப் பாஷையூரில் பிறந்து கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர். அந்த மரியாதை அவருக்குள் நன்றாக ஊறிப்போயிருந்தது.

அந்த நாசமாய்ப்போன மரியாதைதான் எங்களுக்கு வரவிருந்த பஸ்ஸைக் கொண்டுபோய்க் குழிக்குள் தள்ளப் பார்த்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அவர் டென்மார்க்குக்கு வந்தது எழுபத்துநான்கில். புருஷன் அல்பேட் கப்பலில் வந்து ஓகூஸ் துறைமுகத்தில் இறங்கி, திரும்பக் கப்பல் ஏறாத மனிதர். கிரின்ஸ்டெட்டுக்கும் பிராண்டேக்கும் நடுவில் எங்கள் ஊர். ஊருக்கு வெளியே, பைன் மரக்காட்டுக்கு அப்பால், ஒரு கோழித் தொழிற்சாலை. கோழியைக் கொன்று, உரித்து, துண்டாக்கிப் பெட்டியில் அடைக்கிற இடம். அல்பேட்டுக்கு வேலை வேறு திசையில் என்பதால் வீட்டிலிருந்த ஒரே கார் அவரோடு போய்விடும். பற்றிமாக்கா சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போவார். சில வருடங்கள் கழித்து நானும் கலியாணம் முடித்து வந்து, அவருக்குப் பின்னால் அதே றோட்டில் சைக்கிள் மிதித்தேன்.

தொழிற்சாலையில் அவர் தொழிலாளர் பிரதிநிதியான கதையை இங்கே சொல்லியாக வேண்டும். மேற்பார்வையாளன் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனான். ஒரு நாள் பற்றிமாக்கா கத்தியை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து நான் நின்றேன், என்னைப் பார்த்து ரூத் நின்றாள், பிறகு முழு வரிசையும் நின்றது. ரூத் எங்களோடு வேலை செய்த டேனிஷ்காரி. நல்ல பெரிய குரல். அந்தக் கிழமையே அவள் பற்றிமாக்காவின் பெயரைப் பிரதிநிதியாக முன்மொழிந்தாள். பற்றிமாக்கா வழக்கம்போல வேண்டாம் என்று தலையாட்டி, "நை, நை, ரூத், நீரே இரும்" என்றார். இறகு பிடுங்குகிற இயந்திரத்தின் இரைச்சலில் அது ஒருவர் காதிலும் விழவில்லை. ரூத் கைகளை எண்ணி முடித்துவிட்டாள். இயந்திரம் இரைந்தபடியால் தப்பினோம். அந்தப் பாடம் அப்போதே எங்கள் மண்டையில் ஏறியிருக்க வேண்டும்.

எண்பத்தைந்து தை மாதம் பனி கொட்டியது. இன்பமலர் என்றொரு பிள்ளை, எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து ஓடி வந்தவள், எங்களோடு வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. சைக்கிளே இங்கே வந்துதான் பழகினாள். விடியாத நேரம், காட்டுக்குப் பக்கத்து வளைவில், பின்னால் வந்த லொறி வழுக்கி அவளை அடித்தது. எனக்கும் பற்றிமாக்காவுக்கும் முன்னால்தான் போய்க்கொண்டிருந்தாள். பள்ளத்துக்குள் இறங்கிப் பார்த்தபோது கால் இருக்க வேண்டிய பக்கத்தில் இருக்கவில்லை. அம்புலன்ஸ் வரும்வரை பற்றிமாக்கா தன்னுடைய கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டுவிட்டு, செபமாலையும் கையுமாகப் பனியில் இருந்தார். அவருடைய உதடு நீலமாகிப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் மலரின் காலுக்குள் இரும்பு வைத்துத் தைத்தார்கள். நாங்கள் பார்க்கப் போனபோது அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கால் சுகமானாப் பிறகு திரும்பவும் அந்த றோட்டாலதானே அக்கா போகவேணும்?"

வேலையை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை. ஊரிலிருந்த தாய்க்கும் தம்பிகளுக்கும் அவள் ஒருத்திதான்.

"இல்லைப் பிள்ளை. பஸ்ஸிலை போவாய்" என்றார் பற்றிமாக்கா.

"அங்கை பஸ் இல்லையே?"

"வரும். நான் கொண்டு வாறன்."

பஸ் விடுவது நகரசபை. அந்த வருடம் கார்த்திகையில் நகரசபைத் தேர்தல். தொழிற்சங்கத்துக்கு வேண்டிய கட்சி, தொழிற்சாலைப் பெண்களின் வோட்டை நினைத்துப் பற்றிமாக்காவின் பெயரைப் பட்டியலின் அடியில் போட்டது. வெளிநாட்டுக்காரரும் மூன்று வருடம் இங்கே இருந்திருந்தால் நகரசபைக்கு வோட்டுப் போடலாம், நிற்கவும் நிற்கலாம். ஆனால் பஸ் தேவைப்பட்ட எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு மூன்று வருடம் ஆகியிருக்கவில்லை. மலருக்கும் வோட்டில்லை. வோட்டு வாங்கித் தந்தவள் ரூத். இடைவேளை முழுக்க மேசை மேசையாகப் போனாள். "கட்சிக்குப் போடாதீர்கள், பற்றிமாவின் பெயருக்கு நேரே போடுங்கள்" என்று அவள் போட்ட சத்தத்தில் சாப்பாட்டு அறையே அதிர்ந்தது.

பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் வோட்டு எண்ணினார்கள். பற்றிமாக்கா கடைசி ஆளாகத் தொங்கித் தொங்கித்தான் உள்ளே போனார். சபையில் பதினைந்து இடம். எங்கள் பக்கம் எட்டு, மற்றப் பக்கம் ஏழு. அந்த எட்டில் ஒருவர் ஹென்னிங் என்கிற பன்றிப் பண்ணைக்காரர். அவர் சின்னக் கட்சி ஒன்றின் ஒரே ஆள். அவர் முறுக்கிக்கொண்டு போனால் எங்கள் பக்கமே கவிழும். அதனால் அவரை எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் வெற்றிபெற்ற எட்டுப் பேரும் நகரபிதா ஸ்வென்டின் தலைமையில் நகரசபைக் கட்டடத்தில் கூடினார்கள். யார் எந்தக் குழுவில் இருப்பது என்று அங்கேதான் பிரித்துக்கொள்வார்கள். பிரித்து முடிந்து எல்லாரும் கையெழுத்து வைத்தால் நான்கு வருடத்துக்கு அதுதான். றோட்டும் பஸ்ஸும் தொழில்நுட்பக் குழுவின் கையில். பற்றிமாக்கா அந்தக் குழுவுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் இவ்வளவு பாடும்.

நாங்கள் அவர் வீட்டில் றோல்ஸ் பொரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். மலர் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுக் கதவைப் பார்த்தபடி இருந்தாள். பற்றிமாக்கா வந்தார். கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"எந்தக் குழு அக்கா?" என்றாள் மலர்.

"கலாசாரமும் ஓய்வுநேரமும்."

"அதிலையும் பஸ் வருமோ?"

"இல்லைப் பிள்ளை. நூல் நிலையமும் நீச்சல் தடாகமும்."

நான்தான் வாயைத் திறந்தேன்.

"ஏனக்கா, அவை தரமாட்டம் எண்டவையோ?"

"தாறம் எண்டுதான் சொன்னவை. ஸ்வென்ட் முதல் கேள்வியே என்னட்டைத்தான் கேட்டவர். பற்றிமா, உனக்குத் தொழில்நுட்பக் குழு வேணுமோ எண்டு." அவருடைய குரல் இறங்கியது. "நான் சொன்னன், இல்லை இல்லை, என்னைவிட அனுபவமான ஆக்கள் இருக்கினம், ஹென்னிங்கைப் போடுங்கோ எண்டு."

"பிறகு?"

"பிறகு அவர் திரும்பக் கேக்கேல்லை, தவமணி."

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அதே நேரம், அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்பதும் தெரிந்தது. அதனால் கோபம் இரண்டு மடங்காகியது. டேனிஷ்காரன் ஒரு தரம் கேட்பான். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கோப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவான். இதை நாங்கள் பிறந்தநாள் விழாக்களில் பசியோடு திரும்பி வந்து படித்திருந்தோம். படித்து என்ன? நெஞ்சு படபடக்கிற நேரத்தில் வாயில் வருவது ஊர்ப் பழக்கம்தானே.

மலர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழும்பினாள். "பரவாயில்லையக்கா" என்றாள். பற்றிமாக்காவைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு நோகாது.

இரண்டு நாள் கழித்துப் பற்றிமாக்கா என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஸ்வென்டிடம் போனார். முன்பு மேசன் வேலை செய்தவர், சுவர்போல அகன்ற மனிதர். இந்த நாட்டில் நகரபிதாவையும் பெயர் சொல்லி, நீ என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு அது கடைசிவரை வாயில் வரவில்லை.

"நான் கேட்டேன். நீ வேண்டாம் என்றாய். உன் வார்த்தையை மதித்தேன்" என்றார் அவர்.

"எங்கள் ஊரில் முதலாவது வேண்டாம் மரியாதைக்குச் சொல்வது, ஸ்வென்ட். திரும்பக் கேட்க வேண்டும். இரண்டாவதும் மரியாதைதான். மூன்றாம் தரம்தான் ஆள் மனதில் உள்ளதைச் சொல்லும்."

ஸ்வென்ட் விரல்களை மடக்கி மூன்று வரை எண்ணினார். பிறகு சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை, உண்மையாகவே மனிதருக்கு அது பிடித்துப்போயிற்று. "மூன்று தரம்! இதை நான் மறக்க மாட்டேன்" என்றார். ஆனால் கையெழுத்தை மாற்ற முடியாது என்றார். ஹென்னிங்கிடமிருந்து அந்தக் குழுவைப் பறித்தால் ஹென்னிங் மறுபக்கம் போவார், ஸ்வென்டின் பதவி போகும். மனிதர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

ஆனால் பற்றிமாக்கா விடவில்லை. எந்தக் குழுவில் இருந்தாலும் எந்த உறுப்பினரும் சபையில் ஒரு விஷயத்தை எழுப்பலாம் என்று சட்டத்தில் இருந்தது. மாசி மாதம் பஸ்ஸை எழுப்பினார். சபை அதை ஹென்னிங்கின் குழுவுக்கு அனுப்பியது. ஹென்னிங் அதைக் கிடப்பில் போட்டார். "காலி பஸ் ஓட்டுவதற்கு இந்த ஊரார் வரி கட்டவில்லை" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார். ஒவ்வொரு கூட்டத்திலும் பற்றிமாக்கா எழும்பி, பஸ் என்ன ஆயிற்று என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே வசனத்தைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் பார்வையாளர் வாங்கில் இருந்த எனக்கே டேனிஷில் அது பாடமாகிவிட்டது.

இதற்கிடையில் பகல் முழுக்கக் கோழி, பின்னேரத்தில் நீச்சல் தடாகம். தடாகத்தின் கூரை ஒழுகியது. கலாசாரக் குழு அதைப் பற்றியே கதைத்தது. கூட்டம் தொடங்க முதல் எல்லாரும் எழும்பிப் பாட்டுப் பாடுவார்கள். பற்றிமாக்கா கோவில் பாடகர் குழுவில் இருந்தவராகையால் அதில் மட்டும் அவரை ஒருவரும் வெல்ல முடியவில்லை.

சித்திரையில் மலர் வேலைக்குத் திரும்பினாள். ரூத்துக்கு அதே ஷிப்ட் வருகிற கிழமைகளில் அவள் மலரைத் தன் காரில் ஏற்றி வருவாள். மற்றக் கிழமைகளில் சைக்கிள். வளைவு வந்ததும் மலர் இறங்கிவிடுவாள். பள்ளத்தின் ஓரமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நொண்டி நொண்டி நடப்பாள். நாங்களும் இறங்கி அவளோடு நடப்போம். வெயில் காலத்தில் அது சமாளிக்கக்கூடியதாக இருந்தது. புரட்டாதி வந்து காலைகள் இருளத் தொடங்கியதும் மலர் ஒரு நாள் இயந்திரத்தடியில் என்னிடம் சொன்னாள்: "இன்னொரு பனிக்கு நான் இந்த றோட்டாலை வரமாட்டன் தவமணியக்கா. வேலையை விடப்போறன்." நான் அதைப் போய்ப் பற்றிமாக்காவிடம் சொன்னேன். அவர் கத்தியை எடுத்துத் தீட்டினார்.

ஐப்பசியில் அடுத்த வருடத்துக்கான வரவு செலவுக் கூட்டம். பஸ் அன்றைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் வராது. அப்போதுதான் ஒருவரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து காற்றடித்தது. மற்றப் பக்கத்து ஏழு பேரும் பஸ்ஸுக்குக் கை தூக்குவதாகச் சொல்லியனுப்பினார்கள். எங்கள்மேல் அன்பில்லை. பனிக்காலத்தில் பெண்கள் பிந்தி வந்தால் இயந்திரம் நிற்கிறதென்று தொழிற்சாலை முதலாளி அவர்களிடம் முறையிட்டிருந்தார். ஏழோடு பற்றிமாக்காவைச் சேர்த்தால் எட்டு.

அதைக் கேட்டவுடன் எங்கள் பக்கத்தார் கொதித்தார்கள். தொழிலாளியின் வோட்டில் வந்தவள் முதலாளியின் ஆட்களோடு சேர்ந்து கை தூக்குவதா? பற்றிமாக்காவோடு கோப்பி குடித்தவர்கள் அவரைக் கண்டால் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்தார்கள். அல்பேட்கூட, "உமக்கேனப்பா இந்தப் பகை?" என்று கேட்டார். அவர் பாவம், பயந்த மனிதர்.

கூட்டத்துக்கு நானும் மலரும் ரூத்தும் போனோம். பஸ் விஷயம் வந்ததும் ஹென்னிங் தன் வசனத்தைச் சொன்னார். மற்றப் பக்கத்துத் தலைவர் பஸ்ஸைப் புகழ்ந்து பேசினார், வாழ்க்கையில் ஒரு நாளும் பஸ்ஸில் ஏறியிருக்காத மனிதர். ஸ்வென்ட் எல்லாருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் இடைவேளை என்றார்.

நடைபாதையில் கோப்பி வைத்திருந்தார்கள். ஸ்வென்ட் நேரே பற்றிமாக்காவிடம் வந்தார். சுற்றிவர எங்கள் பக்கத்தார் எல்லாரும் நின்றார்கள்.

"பற்றிமா, தடாகத்தின் கூரையை இந்த வரவு செலவில் போட்டாக வேண்டும். பஸ்ஸை அடுத்த வரவு செலவுக்குத் தள்ளிவைப்போம். உன் கோரிக்கையைத் திரும்ப எடுப்பாயா?"

"இல்லை" என்றார் பற்றிமாக்கா.

ஸ்வென்ட் தலையாட்டினார். அவருடைய முகத்தில் ஒரு கோபமும் இல்லை. கோப்பியைக் கலக்கினார்.

"அடுத்த வருடம் நானே உன்னோடு நிற்பேன். வாக்குத் தருகிறேன். திரும்ப எடுப்பாயா?"

"இல்லை."

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து மெல்லச் சிரித்தார். பொறுங்கள், இவளை எனக்குத் தெரியும் என்பதுபோல. அந்தச் சிரிப்பைக் கண்டவுடன்தான் எனக்கு விளங்கியது. மனிதர் மறக்கவில்லை. பற்றிமாக்கா சொல்லிக்கொடுத்ததை ஒரு வருடமாகப் பத்திரமாக வைத்திருந்து, இப்போது மரியாதையோடு எங்களுக்கே பரிமாறுகிறார். மூன்றாம் தரம் கேட்டால் ஆள் இறங்கிவரும் என்று நம்பிக்கொண்டு நிற்கிறார். அந்த மனிதர் அவ்வளவு அன்பாக நிற்கும்போது, பழக்கதோஷத்தில் பற்றிமாக்கா சரி என்றுவிடுவாரோ என்று நான் உண்மையாகவே பயந்தேன். ஒருவர் மூன்றாம் தரமும் கேட்டபின் மறுப்பதை எங்கள் ஊரில் அவமதிப்பு என்பார்கள். பற்றிமாக்கா வாழ்க்கையில் அதைச் செய்து நான் கண்டதில்லை.

"பற்றிமா," என்றார் ஸ்வென்ட், "மூன்றாம் தரம் கேட்கிறேன். திரும்ப எடுப்பாயா?"

மலர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நகம் என் தோலில் இறங்கியது.

"நீ எங்கள் ஊர் முறைப்படி மூன்று தரம் கேட்டாய், ஸ்வென்ட். அதற்கு நன்றி. ஒருவரும் எனக்கு இங்கே அந்த மரியாதையைத் தந்ததில்லை" என்றார் பற்றிமாக்கா. "நான் உன் ஊர் முறைப்படி முதல் தரமே பதில் சொல்லிவிட்டேன். இல்லை என்றால் இல்லை."

ஸ்வென்ட் கோப்பையை மேசையில் வைத்தார். ரூத் மூக்கைச் சிந்தினாள், பள்ளிக்கூட மணிபோல அது நடைபாதை முழுக்கக் கேட்டது.

உள்ளே போய்க் கை தூக்கச் சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் ஏழு கை எழுந்தது. இந்தப் பக்கத்தில் ஒருவரும் அசையவில்லை. பற்றிமாக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கை எழுந்தது. கோழி வெட்டி வெட்டி விரல் வளைந்துபோன கை. எழுந்த கை இறங்காமல் நின்றது, ஸ்வென்ட் எண்ணி முடித்து, எழுதி முடித்து, சுத்தியலால் தட்டிய பிறகும்.

வெளியே வரும்போது ஸ்வென்ட் வாசலில் நின்றார். "அடுத்த தேர்தலில் பட்டியலில் உன் பெயர் இருக்காது. அதை நான் தடுக்க முடியாது" என்றார். பற்றிமாக்கா, தெரியும் என்றார். இருவரும் கை குலுக்கினார்கள். அதற்குப் பிறகு மிச்சக் காலம் முழுவதும் அவர் தன் கட்சிக்காரர் நடுவில் தனியாகத்தான் இருந்தார். பாட்டுப் பாடும்போது மட்டும் பக்கத்தில் இருந்தவர்கள் அவருடைய குரலைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். எனக்கு அவர்கள்மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

தை முதல் கிழமையில் பஸ் வந்தது. முதல் நாள் காலை நாங்கள் எல்லாரும் அடுக்குமாடி வீடுகளுக்கு முன்னால் போய் நின்றோம். கும்மிருட்டு, காலடியில் பனி. தூரத்தில் இரண்டு வெளிச்சம் தெரிந்து, பெரிதாகி, பஸ் எங்கள் முன்னால் நின்று கதவைத் திறந்தது. உள்ளேயிருந்து சூடு முகத்தில் அடித்தது.

"நீங்கள் ஏறுங்கோக்கா" என்றேன் நான்.

"சீச்சி, நீர் முதல் ஏறும்" என்றார் பற்றிமாக்கா.

"இல்லையில்லை, பிள்ளையள் ஏறட்டும்."

"பெரியாக்கள் நிக்கேக்கை நாங்கள் எப்பிடி?"

இப்படியே நாங்கள் கதவடியில் ஆளுக்காள் வழிவிட்டுக்கொண்டு நின்றோம். சாரதி டேனிஷ் பெடியன். எங்களை மாறி மாறிப் பார்த்தான். இவர்களுக்குப் பஸ் வேண்டாம்போலிருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, கதவு மூடுகிற பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனான்.

அப்போது என்னை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு மலர் முன்னால் வந்தாள். ஒருவரையும் பார்க்கவில்லை, ஒருவரையும் கேட்கவில்லை. நல்ல காலைப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்து, மற்றக் காலை இழுத்து ஏற்றினாள். முன் ஆசனத்தில், கண்ணாடியோரம் போய் இருந்தாள்.

"ஏறுங்கோவன்! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றாள் அங்கேயிருந்து.

ஏறினோம். பற்றிமாக்கா கடைசியாக ஏறி அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். காடு வந்தது, வளைவு வந்தது. மலர் கண்ணை மூடவில்லை. கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டு அந்தப் பள்ளம் பின்னால் போகும்வரை பார்த்தாள். பிறகு பையைத் திறந்து பாணை எடுத்துப் பாதியைப் பற்றிமாக்காவிடம் நீட்டினாள். அவர் ஒரு தரமும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிச் சாப்பிட்டார்.